மச்சாளின் கறிவேப்பிலை

அந்த ஜனவரி முழுக்க எங்கள் வீட்டு ஹோலில் சோபாவுக்கு இடமில்லை. சோபா இருந்த இடத்தில், பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில், என் மச்சாள் பரமேஸ்வரியின் கறிவேப்பிலை நின்றது. செடி என்று வாய்தவறிச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. மரம் என்றுதான் சொல்லவேண்டும். உண்மையில் அது என்னைவிட உயரம்.

மச்சாள் என் கணவர் குலேந்திரனின் அக்கா. பக்கத்து நகரமான பாடனில் இருக்கிறார். ஊரில் யாருக்கோ கலியாணம், ஒரு மாதம் போய்வருகிறேன், மரத்தைத் தனியே விட்டுப்போக மனமில்லை என்றார். அவருடைய வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். "அதுக்கென்ன அக்கா, கொண்டு வாறம்" என்று இவர் உடனே தலையாட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

பாடனில் இருந்து டீட்டிகோனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அது வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வெளியே மைனஸ் எட்டு. காரின் முன் இருக்கையைச் சாய்த்து, மரத்தைத் தடித்த போர்வையால் சுற்றிப் படுக்கவைத்து, பெல்ட்டும் மாட்டினார்கள். நான் பின்னால் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு, தொட்டி சரியாமல் காலால் முட்டுக்கொடுத்தபடி வந்தேன். ஹீற்றரை உச்சத்தில் விட்டதில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது. கொஞ்சம் ஜன்னலைத் திறப்போம் என்றால், "ஐயோ, மரத்துக்குக் குளிரும்" என்றார் இவர். கலியாணம் கட்டிய நாளில் இருந்து எனக்குக் குளிருமா என்று அவர் கேட்டதாக ஞாபகமில்லை.

இந்த நாட்டில் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் சனத்துக்கு மார்கழி, தை மாதங்களில் விசர் பிடித்துவிடும். நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும். குழாயில் தண்ணீரை நிறுத்தி, ஹோஸ் பைப்பைச் சுருட்டி, லீக்ஸ் பாத்திக்கு வெள்ளைத் துணி போர்த்திவிட்டால் கைக்கு வேலை முடிந்தது. அதன்பிறகு வாய்க்குத்தான் வேலை. மச்சாள் என்னையும் சேர்த்துவிட்டிருந்த தோட்ட வட்ஸ்அப் குழுவில் காலை விடிந்தால் மணி அடித்தபடி இருக்கும். ஷாஃப்ஹவுசன் நகரில் ஒருவர் மனுசியின் பழைய சால்வையை எலுமிச்சைக்குப் போர்த்திப் படம் போடுவார். இன்னொருவர் மிளகாய் விதையை ஈரப் பேப்பரில் சுற்றி ஹீற்றருக்கு மேலே வைத்துவிட்டு, முளைத்ததா முளைத்ததா என்று ஊரைக் கேட்பார். தேயிலைச் சக்கை போடு, அரிசி கழுவின தண்ணீர் விடு, மீன் கழுவின தண்ணீர் விடு என்று ஆளுக்கொரு வைத்தியம்.

மச்சாளின் வைத்தியம் புளித்த மோர். வாரத்துக்கு ஒரு தரம் அடியில் ஊற்றவேண்டும் என்று கட்டளை. வெளித் தோட்டத்தில் ஊற்றினால் யாருக்கும் தெரியாது. ஹீற்றர் எரிகிற, ஜன்னல் மூடிய ஹோலில் ஊற்றிப் பாருங்கள். வேலையால் வந்து கதவைத் திறந்தால் புளித்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனாலும் ஊற்றினேன். குளிர்காலத்திலும் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடாவிட்டால் இங்கே சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிக் காற்று விடும்போதுகூட ஹோல் கதவை இறுக்கச் சாத்திவிட்டுத்தான் மற்ற அறைகளைத் திறந்தேன். என் பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்திருப்பேனோ தெரியாது.

எனக்குப் பிள்ளை இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கலியாணமாகி ஏழு வருடம். ஐந்து வருடத்துக்கு முன்பே டொக்டர் எங்கள் இருவரையும் இருத்திவைத்து விளக்கமாகச் சொல்லிவிட்டார். என்னில் ஒரு குறையும் இல்லை. குறை இவரில். மருந்து இருக்கிறது, முயற்சி செய்யலாம், ஆனால் சிகரெட்டை அடியோடு விடவேண்டும் என்றார். வரும் வழியில் ரயிலில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சிகரெட்டை விடுகிறேன், ஆனால் அக்காவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம் என்று கெஞ்சினார். சரி என்றேன். சிகரெட்டை விட்டுவிட்டார் என்றே நம்பினேன். அன்றிலிருந்து மச்சாள் என்னைத்தான் பார்க்கிறார். விரதம் இரு, அந்தக் கோயிலுக்கு நேர்த்தி வை, இந்தக் கஷாயத்தைக் குடி. நானும் தலையை ஆட்டிக்கொண்டு குடிக்கிறேன்.

இரண்டாம் வாரம் மரம் இலை கொட்டத் தொடங்கியது. முதலில் நுனி கறுத்தது. பிறகு ஹோல் முழுக்க இலை. கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பினால் மறுபடி இலை. குளிர் மைனஸ் பன்னிரண்டுக்கு இறங்கிய கிழமை மரம் மொட்டையாகிவிட்டது.

மச்சாள் வீடியோவில் வந்தார். பின்னால் கலியாண வீட்டு மேளச் சத்தம்.

"என்ன கோசலா இது? துடக்கோட தொட்டனீரோ?"

மாதாமாதம் அந்தத் தீட்டு வருவதுதான் என் துக்கம். ஒவ்வொரு முறையும் குளியலறையில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறவள் நான். அதையே குற்றமாகவும் கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இல்லை மச்சாள். குளிருக்காக்கும்."

"வீட்டுக்குள்ள என்ன குளிர்? சில பேருக்குக் கைராசி இல்லை. அதுக்கு ஆர் என்ன செய்யிறது."

இவர் பக்கத்தில்தான் இருந்தார். ரிமோட்டைக் கையில் வைத்து அதன் பொத்தான்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே மச்சாள் வீடியோவில் பிடித்த மொட்டை மரத்தின் படத்தைக் குழுவில் போட்டுவிட்டார். அது நித்திரை கொள்ளுது, வசந்தத்தில் துளிர்க்கும் என்று ஒருவர் எழுதினார். அதை யார் கேட்டார்கள்? கைராசி பற்றித்தான் அன்றைக்கு முழுக்கக் கதை.

எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒரு வெப்பமானி வாங்கிவந்து கிளையில் கட்டினேன். அன்றைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் குளிர்ந்தது என்பதையும் அது காட்டும். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. விடியுமுன் போய்விடுவேன். இவருக்குக் களஞ்சியத்தில் பின்னேர வேலை. மத்தியானம் வந்து பார்த்தபோது ஹோல் இளஞ்சூடாக இருந்தது. வெப்பமானியோ காலையில் இரண்டு பாகைக்கு இறங்கியதாகக் காட்டியது. வீட்டுக்குள் இரண்டு பாகையா? பழுதென்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே கதை.

மூன்றாம் நாள் தலைவலி என்று சொல்லி நேரத்தோடு வந்தேன். பல்கனிக் கதவு பாதி திறந்திருந்தது. அது மூடிவிடாமல் மச்சாளின் மரம் தொட்டியோடு இடையில் நின்றது. மொட்டைக் கிளைகளில் நேராகப் பனிக்காற்று அடித்தது. அப்பால், தடித்த ஜக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, இவர் சிகரெட் பத்திக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் சிகரெட்டைப் பின்னால் ஒளித்தார். புகையை எங்கே ஒளிப்பது?

"கதவு சாத்துப்பட்டா வெளியில இருந்து திறக்கேலாது கோசலா. அதுதான் தொட்டியை முட்டுக்குடுத்தனான்."

ஏதோ பெரிய எந்திரவியல் விளக்கம் போலச் சொன்னார்.

"எவ்வளவு நாளா?"

"சிகரெட்டோ, தொட்டியோ?"

"ரெண்டும்."

அவர் உள்ளே வந்து, தொட்டியை இழுத்துப் பழைய இடத்தில் வைத்து, கதவைச் சாத்தினார். எவ்வளவு பழகிய கை!

"கீழ போய்ப் பத்தினா குளிருது," என்றார் கடைசியில்.

"மரத்துக்குக் குளிராதோ? அக்கா என்னைத் துடக்கோ எண்டு கேக்கேக்க பக்கத்திலதானே இருந்தனீங்கள்?"

"அக்காட்டச் சொல்லிப்போடாதையும். கெஞ்சிக் கேக்கிறன்."

"நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். சொல்லாட்டி இந்த வீட்டில நான் இருக்கமாட்டன்."

வெருட்டுவதற்காகச் சொல்லவில்லை. அன்று அது என் வாயில் வந்தபோதுதான், உண்மையாகவே போகத் தயாராக இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். எனக்குப் பனங்கட்டி, தம்பிக்குப் பருத்தித்துறை வடை. சப்பாத்தைக் கழற்றியதும் நேரே மரத்திடம் போனார். நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"உயிர் இருக்கு. பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்." பெருமூச்சு விட்டார். "நான் உம்மைக் குறை சொல்லேல்லை கோசலா. உம்மட கையில ஒண்டும் தங்காது, அவ்வளவுதான்."

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவரைப் பார்த்தேன். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெட்டியில் எதை எதை வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"அக்கா, கதவைத் திறந்துவிட்டது நான்."

"என்ன கதவு?"

"பல்கனிக் கதவு. சிகரெட் பத்தப் போகேக்க உங்கட தொட்டியைத்தான் முட்டுக்குடுத்தனான். பனி பட்டுத்தான் கொட்டினது. கோசலாவில ஒரு பிழையும் இல்லை."

மச்சாள் இவர் பக்கம் திரும்பினார்.

"நீ ஆம்பிளை, உனக்கென்ன தெரியும். வீட்டில இருக்கிற பொம்பிளை எல்லோ கவனிக்கவேணும். ஒரு பிள்ளை குட்டி இருந்தா நீ ஏன் பல்கனியில நிண்டு பத்தப்போறாய்?"

வீட்டில் இருக்கிற பொம்பிளை! விடியுமுன் எழும்பி ஒரு இல்லத்துக் கிழடுகளுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிவிட்டு வருகிறவள் நான். வாயைத் திறக்கப்போனேன். இவர் முந்திவிட்டார்.

"அதுவும் நான்தான் அக்கா."

"எது?"

"பிள்ளை இல்லாதது. குறை என்னிலதான். டொக்டர் அஞ்சு வருசத்துக்கு முதலே சொன்னவர். உங்களிட்டச் சொல்லவேண்டாம் எண்டு இவவின்ர வாயைக் கட்டினதும் நான்தான்."

மச்சாள் கிளையை விட்டுவிட்டுச் சுவரோடு இருந்த கதிரையில் உட்கார்ந்தார். "கோசலா" என்றார்.

அந்த நேரத்தில் என் மனம் ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லை. கோபம்தான் பொங்கியது. குடித்த கஷாயம் எத்தனை, இருந்த விரதம் எத்தனை! எனக்காக ஐந்து வருடம் திறக்காத வாய், ஒரு மரம் மொட்டையான பிறகுதானா திறக்கவேண்டும்? தேநீர்க் கேத்தலை மேசையில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இவ்வளவு காலமும் குளியலறையில் சத்தம் கேட்காமல் அழுதவள், அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி அழுதேன்.