பக்கத்து சீட்டு

ஏற்காட்டில் ஹனீபா பாயின் காரைத் தெரியாத ஆள் கிடையாது. அது ஓடி யாரும் அதிகமாகப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, மேலே மூடி கிடையாது. எழுபத்தொண்ணில் எஸ்டேட்டை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய துரை ஒருவர், கொண்டுபோக முடியாமல் ஹனீபா பாயிடம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. துரை போகும்போது "பத்திரமா வெச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னார். பாவி மனுசன், அந்த வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

ஹனீபா பாய்க்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் காப்பிக்கொட்டை போட்டுவைக்கிற குடோன். அந்தக் குடோனில் பாதி காப்பிக்கு, பாதி காருக்கு. காருக்கு மேலே கம்பளி, கம்பளிக்கு மேலே தார்ப்பாய். மழை நாளில் எடுக்க மாட்டார். பனி நாளில் எடுக்க மாட்டார். ஏற்காட்டில் மழையும் பனியும் போக மிச்சம் எத்தனை நாள் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலடிக்கிற வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வந்து, ஏரியைச் சுற்றி ஒரே ஒரு ரவுண்டு. அதுவும் தனியாக. மலையை விட்டுக் கீழே அந்தக் கார் பதினாறு வருசமாக இறங்கியதில்லை. பிரேக் தேய்ந்துவிடுமாம்.

அவர் சம்சாரம் பாத்திமா அந்தக் காரில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறார். வாங்கின அன்றைக்கு. நிற்கிற வண்டியில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.

அதற்குக் காரணம் உண்டு. பாத்திமாவுக்கு மலை இறங்கினால் வாந்தி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் இறங்கும்போது பதினொண்ணாவது வளைவு வந்ததும் அந்த அம்மாவுக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். ஒரிஜினல் தோல் சீட்டு, சீமையில் தைத்தது, அதில் போய் யாராவது வாந்தி எடுக்க விடுவார்களா? ஆக, பாத்திமாவுக்கு பஸ்தான்.

எண்பத்தேழாம் வருசம் பாத்திமாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் புதன்கிழமை சேலத்து டாக்டரிடம் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் முகமெல்லாம் வெளுத்து, தள்ளாடிக்கொண்டு போய் உட்காருவார். டாக்டர் கருவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வார்.

"பாய், நான் பாக்கறது இந்தம்மா பிரஷரா, மலை ரோட்டுப் பிரஷரான்னு எனக்கே தெரியலை. இப்படியே பஸ்ஸுல கூட்டிட்டு வந்தீங்கன்னா ஒருநாள் வழியிலயே கை கால் விளங்காமப் போயிரும். ஒரு வண்டிக்கு ஏற்பாடு பண்ணுங்க."

ஹனீபா பாய் அரண்டுபோனார். பாத்திமா மேல் பிரியம் இல்லாத மனுசன் இல்லை அவர். அன்றைக்கே முடிவெடுத்தார். காரை விற்பது. அந்தப் பணத்தில் ஒரு வேன் வாங்குவது. வேனில் ரெக்ஸின் சீட்டு, கீழே ரப்பர் விரிப்பு. வாந்தி எடுத்தாலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. குடோனில் ஒரு கார் நிற்கிறதே, அதிலேயே கூட்டிப்போனால் என்ன என்கிற கேள்வி உங்களுக்கு வருகிறது, எனக்கு வருகிறது. அவருக்கு வரவில்லை.

சேலத்தில் பழைய வண்டிக்கு வண்டி மாற்றித் தருகிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருத்தன் வந்து காரைச் சுற்றி வந்தான். விரலை மடக்கி பானெட்டில் ரெண்டு தட்டு தட்டினான்.

"ரெண்டே சீட்டு, பார்ட்ஸ் கிடைக்காது. பதினஞ்சாயிரம் போட்டுக்கறேனுங்க பாய். மேல முப்பதாயிரம் குடுத்தீங்கன்னா, ரெண்டு வருசம் ஓடின வேன் நிக்குது, அன்னைக்கே எடுத்துட்டுப் போலாமுங்க."

"பதினாறு வருசமா ஒரு கீறல் விழலை தம்பி."

"கீறல் இருந்தாலும் இதே பதினஞ்சுதானுங்க."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்துக்கொண்டே அவனை அனுப்பினார். தானே நல்ல ஆளாகப் பார்த்து நேரில் விற்பது என்று தீர்மானம். காசு மட்டும் பெரிசில்லை, வாங்குகிறவன் வைத்துக் காப்பாற்றவேண்டும். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுக்க முடியுமா?

மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் ஓட்டுகிற பொன்னுவேல் வந்தான். "பின்னால ஒரு பலகை அடிச்சா எட்டுப் பேரை ஏத்தலாமுங்க பாய்" என்றான். அவனுக்கு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர் ஒருத்தர் வந்தார். பூமாலையைக் காரில் எதனால் கட்டுவீர்கள் என்று பாய் கேட்டார். இரும்புக் கம்பியால்தான் என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. இப்படியே ரெண்டு மாசம். அதற்குள் நாலு புதன்கிழமை போயிற்று. பாத்திமா நாலு தடவையும் பஸ்ஸில் போய் வந்தார். "ஏனுங்க, எதையோ ஒண்ணைச் சீக்கிரம் முடிச்சுருங்க" என்று மட்டும் சொன்னார்.

தை மாசம், காப்பிப் பழம் பறிக்கிற நேரம், ஞானசுந்தரம் வந்து சேர்ந்தார். சேலத்துக்காரர், பாங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் ஓட்டிவந்த ஃபியட்டைப் பார்த்ததுமே பாய்க்குப் பாதி மனசு விழுந்துவிட்டது. வாங்கி ஒன்பது வருசமாம், சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

"மழையில எடுப்பீங்களா?" என்று கேட்டார் பாய்.

"மேகம் கட்டினாலே எடுக்க மாட்டேனுங்க."

"யாருக்காச்சும் ஓட்டக் குடுப்பீங்களா?"

"கூடப் பொறந்த தம்பிக்கு எங்க ஊட்டு சைக்கிளையே குடுத்ததில்லீங்க."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தன் கூடப்பிறந்தவனைக் கண்ட மாதிரி இருந்தது. நாற்பதாயிரம் என்றார். ஞானசுந்தரம் மறுபேச்சுப் பேசவில்லை. புதன்கிழமை பணத்தோடு வருகிறேன் என்றார். அந்தக் காசோடு இன்னும் அஞ்சாயிரம் போட்டால் வேனையே வாங்கிவிடலாம்.

அப்போதுதான் கடை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் வெளிறிப்போய்.

"என் சம்சாரமுங்க, அருக்காணி" என்றார் ஞானசுந்தரம்.

"உங்ககூட வரலீங்களா?"

"இவளுக்கு வளைவுல வாந்தி வருமுங்க. சீட்டு போயிரும். அதான் பஸ்ஸுல வரச் சொன்னேன்."

பாத்திமா அந்த அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேச்சு கேட்டது.

"உங்களுக்கு எத்தனாவது வளைவுலங்க்கா வரும்?"

"எறங்கறப்ப பதினொண்ணு. ஏறறப்ப மூணாவதுலயே. உங்களுக்கு?"

"ஏழுங்க்கா. இந்தக் காரையும் வாங்கிட்டு வந்தார்னா, போர்டிகோவுல நான் துணி காயப்போடற கயிறும் போச்சு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பாய்க்குப் புரியவில்லை.

மூணு மணிக்குப் பனி இறங்கியது. நனைவதற்குள் வண்டியைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று ஞானசுந்தரம் கிளம்பிவிட்டார். அருக்காணி, பாத்திமா கொடுத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பாய்க்கு அதைப் பார்த்ததும் ஆத்திரமாக வந்தது.

"பாத்தியா பாத்திமா, அந்த ஆளை? பொண்டாட்டியைப் பனியில நிறுத்திட்டு தான் மட்டும் கார்ல போறான். மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

பாத்திமா அவரையே பார்த்தார்.

"என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க."

"இவனுக்கு நான் காரைக் குடுக்க மாட்டேன்."

"நாப்பதாயிரமுங்க."

"லட்சம் குடுத்தாலும் வேண்டாம். அது வெறும் ஃபியட்டு. அதுக்கே இந்தப் பாடு."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். பாத்திமா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாளே பாய் ஞானசுந்தரத்துக்குப் போன் போட்டார். "கம்பெனிக்காரனுக்கு பதினஞ்சுக்குக் குடுத்தாலும் குடுப்பேன், உங்களுக்கு இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். சொன்னால் செய்கிற மனுசன் வேறு. கம்பெனிக்கும் அடுத்த போன் போனது.

புதன்கிழமை காலையில் தார்ப்பாயை எடுத்து, கம்பளியை எடுத்து, காரைத் துடைத்து வெளியே கொண்டுவந்தார். பாத்திமா மருந்துச் சீட்டுப் பையோடு வெளியே வந்து, காரைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

"எங்க போறே?"

"நீங்க முன்னால போங்க. நான் ஆறே முக்கால் பஸ்ஸுல வந்து டாக்டர் ஊட்டு வாசல்ல நிக்கறேன்."

சும்மா, எந்தக் குத்தலும் இல்லாமல், தினமும் சொல்கிற மாதிரி சொன்னார். பாய்க்குச் சுரீரென்று உறைத்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்த அருக்காணியை நினைத்தார். ஃபியட்டில் போன ஆளை நினைத்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஆளை என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"ஏறு" என்றார்.

"சீட்டுங்க..."

"போனாப் போகுது. எப்படியும் இன்னைக்குக் குடுக்கற வண்டிதானே."

வெட்கப்பட்ட நேரத்திலும் மனுசனுக்குக் கணக்கு விடுகிறதா பாருங்கள். பாத்திமா செருப்பைக் கழற்றப் போனார். போட்டுக்கொண்டே ஏறு என்றார் பாய்.

இருபது வளைவும் பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பிரேக், கியர், எதிரே வருகிற லாரி. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பாத்திமாவின் முக்காடு பின்னால் பறந்தது. காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், கீழே புகைமூட்டமாகச் சேலம், எல்லாவற்றையும் அந்த அம்மா முதல் தடவையாக வாயைப் பொத்தாமல் பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில்தான் பாய் திரும்பினார்.

"வாந்தி வரலியா?"

"வரலீங்க."

வெறும் வயிறு, அதுதான் என்று பாய் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் ரெண்டு தடவை பார்த்தார். "அட, இன்னைக்குத்தான் ஒழுங்கா இருக்குது. இப்படியே இருந்தா மாத்திரையைப் பாதியாக் குறைச்சுக்கலாம்" என்றார். வேன் வரப்போகிற சந்தோசம் என்று பாய் விளக்கம் சொன்னார்.

கம்பெனியில் அரை மணி நேர வேலை. நாலு இடத்தில் கையெழுத்து. காரை ஒரு ஆள் பின்பக்க ஷெட்டுக்கு ஓட்டிப்போனான். பாய் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேனை வெளியே எடுக்கும்போது ஒரு ஃபியட் எதிரே கேட்டுக்குள் நுழைந்தது. ஓட்டிவந்த ஞானசுந்தரம் பாய்க்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நேராகப் பின்பக்க ஷெட்டுக்குப் போனார். பாய் போனில் வாய்விட்டதை வைத்து அந்தக் காரை என்ன விலைக்குப் பேசி முடித்திருந்தாரோ, நாற்பதுக்குக் கீழேதான் இருக்கும். பாய்க்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் பக்கத்தில் பாத்திமா உட்கார்ந்திருக்கிறாளே, அது போதும் என்று தேற்றிக்கொண்டார். இனிமேல் என் பொண்டாட்டி பஸ் ஏற மாட்டாள். பெருமையாகவே மலை ஏறினார்.

மூணாவது வளைவில் பாத்திமா அவர் கையைப் பிடித்தார்.

"நிறுத்துங்க."

ஓரங்கட்டினார். அந்த அம்மா இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குடம் குடமாக எடுத்தார். பாய் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, சுவரோரம் உட்கார வைத்தார்.

"காலையில இருபது வளைவும் இறங்கினியே, ஒண்ணும் பண்ணலியே?"

"அது திறந்த வண்டிங்க. காத்து மூஞ்சிலயே அடிச்சுட்டு இருந்துச்சு. நொம்ப நல்லா இருந்துச்சுங்க. இது பஸ்ஸாட்டமே மூடிக் கிடக்குது. ரப்பர் நாத்தம், பெட்ரோல் நாத்தம். ஏறினதுமே பிரட்டிருச்சு."

ஹனீபா பாய் வேனைப் பார்த்தார். கீழே சேலத்தைப் பார்த்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு பதினாறு வருசம் நெய்க்கு அலைந்திருக்கிறார். இன்றைக்கு அந்த வெண்ணெயையும் கொடுத்து, மேலே முப்பதாயிரமும் கொடுத்து வந்திருக்கிறார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பாத்திமா மேலேயே காட்டினார்.

"இதை இத்தனை வருசமா நீ ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

பாத்திமா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். நிதானமாக முகத்தைத் துடைத்தார்.

"எனக்கே இன்னைக்குத்தானுங்களே தெரியும். அதுக்கு முன்னால என்னைக்கு உக்கார வெச்சீங்க?"

இன்னும் பதினேழு வளைவு பாக்கி இருந்தது.