பஞ்சலிங்கத்தாரின் பன்றி

"எத்தனை ஆயிரம் வெள்ளைக்காரருக்கு உயிர்ப்பிச்சை போட்ட கை இது" என்று பிரேதத்தின் தலைமாட்டில் நின்று சிவசுப்பிரமணியம் மாஸ்ரர் முழங்கிக்கொண்டிருந்தார். மின்சாரம் ஊரை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, ஒலிபெருக்கி இல்லை. மாஸ்ரரின் தொண்டைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. குண்டு போடும் பொம்பரின் சத்தமும் கேளாத காலை, அதனால் நிதானமாகவே அளந்தார்.

தியாகலிங்கம் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். அடுத்ததாக வீட்டுக்காரர் சார்பில் அவர் பேச வேண்டும். கிடப்பது அவருடைய ஒரே அண்ணர், வெள்ளைக்காரர் நாட்டில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய டொக்டர் பஞ்சலிங்கம். பேசி முடிந்தால் தூக்க வேண்டியதுதான்.

நேற்று விடிய, அண்ணர் தம்பியைக் கட்டிலில் இருத்தி வைத்துச் சிரித்தார்.

"என்ரை செத்தவீட்டிலை மாஸ்ரர் வாய் கூசாமல் அளப்பார். நீ உண்மையைச் சொல்லிப்போடு."

"என்னண்ணை உண்மை?"

"நான் ஒரு மனிசற்றை வயித்தையும் வெட்டேல்லை எண்டு. பண்டியைத்தான் வெட்டினனான்."

தியாகலிங்கத்துக்கு இது தெரியாததல்ல. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போகாத கதை. முட்டைகூட அடுப்படிக்குள் வராத குடும்பம் அது. தியாகலிங்கமோ வட்டுக்கோட்டையில் கோயில் உபயகாரர்.

"இதைப் போய்ச் சபையிலை சொல்லச் சொல்லுறியளே. சனம் காறித் துப்பும்."

"துப்பட்டும். அந்தப் பண்டியள் செய்த புண்ணியத்தை என்ரை பேரிலை எழுதக்கூடாது. சொல்லுவியோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வது? அண்ணர் முகம் தெளிந்து, இரண்டு மிடறு தேத்தண்ணி குடித்து, மத்தியானம் நித்திரையிலேயே போய்விட்டார். ஆருக்குக் கிடைக்கும் அப்படியொரு சாவு. வாக்குக் கொடுத்தவர்பாடுதான் திண்டாட்டம்.

மாஸ்ரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினார். தியாகலிங்கம் தலைமாட்டுக்கு வந்தார். வந்தவைக்கு நன்றி சொல்லிப்போட்டு விட்டிடு என்றது மனம். நெற்றி நிறையத் திருநீற்றோடு அண்ணர் கிடந்தார், வயிறாரச் சாப்பிட்ட முகம். அந்த முகத்தின் முன்னால் பொய் வரவில்லை.

"அண்ணை ஒருத்தருக்கும் உயிர்ப்பிச்சை போடேல்லை."

பறைமேளக்காரரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவர் ஆராய்ச்சி டொக்டர். ஈரல் பழுதாப்போன ஆளுக்கு வேறை ஈரல் வைக்கலாமோ எண்டு பாத்தவர். எடுத்த எடுப்பிலை மனிசரிலை செய்யேலாது. அதாலை பண்டியிலை செய்தவர். ஒண்டின்ரை ஈரலை எடுத்து மற்றதுக்கு வைக்கிறது, ஒட்டுமாங்கண்டு மாதிரி. உடம்பு அதைப் பிறத்தியெண்டு தள்ளிப்போடும். தள்ளாமல் ஏற்கப் பண்ணுறதுதான் அவற்றை வேலை. கனகாலமாப் பண்டியள் செத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒண்டு தப்பிச்சுது. இப்ப மனிசருக்கும் செய்யினம். அது வேறை டொக்டர்மார். இதைச் சொல்லச் சொல்லி என்னட்டை வாக்கு வாங்கினவர்."

மாஸ்ரரின் முகத்தில் ஈயாடவில்லை. குருக்கள் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூனிக்குறுகி நின்றார் தியாகலிங்கம். இனி எந்த முகத்தோடு கோயில் வீதியில் கால் வைப்பது?

முன்வரிசையில் ஏரம்பு செருமினார். பக்கத்துத் தோட்டக்காரர். மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சுகிற வீட்டில் பச்சைத்தண்ணியும் வாயில் வைக்காத மனிதர். வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அந்தத் தப்பின பண்டி பிறகு என்ன செய்தது?"

தியாகலிங்கத்துக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. கால்மாட்டில் பெண்களுக்கு நடுவே இருந்த மச்சாளை, அண்ணரின் மனைவியை, பார்த்தார். அழுது அழுது குணலட்சுமிக்குக் குரல் அடைத்துப்போயிருந்தது.

"எழும்பி நிண்டு தீன் திண்டதாம். இவர் கோட்டும் கழட்டாமல் வாசலிலை நிண்டு, 'திண்டிட்டுது குணம், திண்டிட்டுது' எண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதவர்" என்றார். சொல்லும்போது அந்த அடைத்த குரலுக்குள் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

ஏரம்பு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு முற்றத்துக்குப் போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒருவரையும் கேளாமல், பாடையின் முன்தடிக்குத் தோள் கொடுத்தார்.