பாதி வழியில் நின்ற பெட்டி

மழைக்காலம் முழுக்க மலையுச்சி நிலையத்தில் குடும்பத்தோடு தங்கி ரோப் காரைப் பார்த்துக்கொள்ள யார் போவீர்கள் என்று மேலதிகாரி கேட்டபோது, மற்ற மெக்கானிக்குகள் தரையைப் பார்த்தார்கள். அவள் கணவன் மட்டும் கையைத் தூக்கினான். பட்டறையில் அவனுக்கு யாரோடும் ஒத்துப்போகவில்லை. வீட்டிலும் அந்தக் கதைதான்; எதைப் பேசினாலும் சண்டையில் போய் முடியும். நாம் மூன்று பேர் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அவளுக்கும் அந்த நப்பாசை இருந்தது. மகளுக்கு எட்டு வயது. ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் அவன் வைத்த பெயர் வாலு. வாலுவுக்கோ பள்ளிக்கூடம் இல்லை என்றதே போதும்.

மழையில் பயணிகள் கிடையாது. ஆனாலும் வடமும் சக்கரங்களும் துருப்பிடித்து இறுகிவிடாமலிருக்க, தினமும் காலையில் பெட்டியை ஒருமுறை கீழே அனுப்பி இழுக்க வேண்டும். மோட்டார், பிரேக் எல்லாம் மேலேதான். கீழே ஒரு போன், ஒரு மணி, அவற்றுக்குக் காவலாக ஒரு மனிதர். வாலு அவரைக் 'கீழ்மாமா' என்பாள். வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் ஏற்றி அனுப்புவது அவர்தான்.

முதலில் நன்றாகவே போயிற்று. அவன் மரத்துண்டுகளைச் சீவி வாலுவுக்கு வண்டி செய்து கொடுத்தான். அவள் சமைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். கல்யாணமான புதிதில்கூட அப்படி நின்றதில்லை.

பிறகு மண் சரிந்து சாலையை வாரிக்கொண்டு போயிற்று. மூடுபனி இறங்கியது; எதிரே நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. அவனுக்குத் தூக்கம் போயிற்று. போனில் கீழ்மாமாவின் குரலுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள் என்றான். பட்டறைக்காரர்கள் தன் வேலைக்கு உலை வைக்கிறார்கள், அதற்குத் தகவல் இந்த வீட்டிலிருந்துதான் போகிறது என்றான். கீழேயிருந்து வந்த மாவுப் பையைக் கிழித்துத் தரையில் கொட்டித் துழாவினான். அவள் தேற்றிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். எல்லாமே அவன் கண்ணுக்கு நடிப்பாகத்தான் பட்டது.

ஒருநாள் வாலுவின் தோளைப் பிடித்து நிறுத்தி, அம்மா கீழே போன் பேசுகிறாளா என்று கேட்டான். இல்லை என்றது குழந்தை. மறுபடி கேட்டான். பிடி இறுகியது. குழந்தை மிரண்டுபோய், ஆமாம் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கே போன் கம்பியை அறுத்தெறிந்தான்.

அவள் குழந்தையை இழுத்துக்கொண்டு நடந்தே இறங்கப் பார்த்தாள். மண் சரிந்த இடம் வரைதான் போக முடிந்தது. அதற்கப்பால் பாதையே இல்லை. முழங்காலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, நல்ல சேதி சொல்கிறவன்போல ஆரம்பித்தான்.

"நாளைக்கு வடத்தை அறுத்துடப்போறேன். அப்புறம் ஒருத்தனும் மேல வர முடியாது. நாம மூணு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

இரும்பறுக்கும் கேஸ் கட்டரைத் துடைத்து, பெட்டி வந்து நிற்கும் மேடையோரம் வைத்திருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். சரிங்க என்றாள். அப்படியே, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, சாப்பிட்டதும் கொஞ்சம் பாருங்கள் என்றாள்.

அவன் தொட்டிப் பக்கம் போனதும் வாலுவைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே ஆள் அனுப்புங்கள் என்று கீழ்மாமாவிடம் சொல்லச் சொன்னாள்.

"நீ வரலியாம்மா?"

"மெஷினை யாராவது ஓட்டணும்ல? நீ போ. எழுந்திருக்காதே, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

அவன் ஓட்டும்போது பார்த்துப் பார்த்துப் படிந்ததுதான் அவள் கற்ற வித்தை. மோட்டார் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். பொத்தானை அழுத்தினாள், லீவரைத் தள்ளினாள். பெட்டி மேடையை விட்டு நகர்ந்து பனிக்குள் போயிற்று. மேடையில் இன்னொரு பிரேக் இருப்பது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்தவன் நேராக அதைத்தான் இழுத்தான். மோட்டார் முனகி அடங்கியது. வடம் மேலும் கீழுமாக ஆடியது. பெட்டி எங்கே தொங்குகிறது என்றே தெரியவில்லை.

அவள் தாழைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். "உள்ள வாலு இருக்குங்க. விடுங்க."

"பொய். அவங்களுக்கு என்னத்தையோ அனுப்புற. சொல்லு, நீதானே எல்லாத்தையும் சொன்னே?"

இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. காற்று பலமாக அடித்தது. பனிக்குள்ளிருந்து அம்மா என்று ஒரு குரல் கேட்டது போலிருந்தது. கேட்டதா, பிரமையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஆமாங்க, நான்தான்."

அவன் கை பிரேக்கிலேயே இருந்தது. "எப்பலேருந்து?"

"வந்த நாள்லேருந்து."

"என்ன சொன்னே?"

"நீங்க தூங்கறதில்லைன்னு. உங்களால வேலை பாக்க முடியாது, வேற ஆள் போடுங்கன்னு. தப்புதாங்க. இனிமே பேச மாட்டேன்."

அவன் முகம் கலைந்தது. தேம்பித் தேம்பி அழுதான். "எனக்குப் பைத்தியம் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றான். "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

பிரேக்கை விட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே மோட்டார் அறைக்குப் போனான். பெட்டிக்குள் குழந்தை இருக்கிறதென்று இப்போது நம்பினான் போலும். குலுங்காமல், கை தேர்ந்தவனாக, மெதுவாக ஓட்டினான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து வடம் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கீழேயிருந்து மணி அடித்தது. பெட்டி சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஆட்கள் கயிறு கட்டிச் சரிவில் ஏறி வந்தார்கள். வடம் அறுபடவில்லை. அவன் தகராறு செய்யாமல் அவர்களோடு இறங்கினான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தூக்கம் திரும்பியது. சிரிப்புச் சத்தம் தன் மூளை செய்த வேலை என்று ஒப்புக்கொண்டான். மாவுப் பையை நினைத்து வெட்கப்பட்டான். அவள் போன் பேசியது மட்டும் அவனுக்கு உண்மையாகவே இருந்தது. அவளே தன் வாயால் சொன்னதாயிற்றே. குழந்தைக்காகச் சொன்ன பொய் அது என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவன் மறுபடி தூங்காமல் நடக்க ஆரம்பித்தான். இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

அவனை வீட்டுக்கு அனுப்பலாம் என்றான பிறகு, தன்னால் அழைத்துப்போக முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். அவனுடைய அக்கா வாடகைக் காரில் வந்தாள். ஆஸ்பத்திரிப் படியில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"காட்டிக்கொடுத்தது நீதான்னு நீயே ஒத்துக்கிட்டியாமே. இப்ப கையையும் கழுவுறியா?"

வாலுதான் முன்னால் வந்து நின்றது. "அம்மா யார்கிட்டயும் பேசலை அத்தை. போனைத் தொடக்கூட இல்லை."

அத்தை குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தடவினாள். "பாவம், இதுக்கும் சொல்லிக்குடுத்து வச்சிருக்கா" என்றாள்.

கார் கிளம்பியது. அவன் பின்பக்கக் கண்ணாடி வழியாகக் கையசைத்தான். வாலுவும் அசைத்தது.