தெற்குச் சுவருக்கு இணைப்பு இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன வியாழக்கிழமை சாயங்காலம் வாசிலா அக்கா சோற்றுப் பொட்டலத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். எங்கள் சந்தில் யார் வீட்டு விருந்தானாலும் எனக்கு ஒரு பொட்டலம் வந்துவிடும். பதினோரு வருஷமாக இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரத்தில் தனிக்கட்டையாகக் காலம் தள்ளுகிறவனை இந்தச் சந்து பட்டினி போட்டதில்லை. அன்றைக்குப் பொட்டலத்தைக் கொடுத்த பிறகும் அவள் போகவில்லை.

"தம்பி, உங்க ஊர் மொழியில நீங்க கதை எழுதுவீங்கதானே?"

எழுதுவேன் என்றேன்.

"இங்க யாராச்சும் அதைப் படிப்பாங்களா?"

அங்கேயே யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை அக்கா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஒண்ணு சொல்றேன், எழுதிடுங்க. எங்கயாவது எழுதிக் கிடக்கணும். கார்சினா அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஆக, வாசகரே, உங்களைத் தேர்ந்தெடுத்தது உங்கள் ரசனைக்காக அல்ல. நீங்கள் கார்சினா அக்காவின் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: வாசிலா நல்லவள். [அடித்துவிட்டேன். கதையின் முதல் வரியிலேயே ஒருத்திக்கு நற்சான்றிதழ் கொடுத்தால் அவள் ஏதோ செய்துவிட்டாள் என்று யாருக்கும் தெரிந்துபோகும்.]

இரண்டாம் தொடக்கம்: மெராபி எரிமலையின் தோளில் சூரியன் மெல்ல [போதும். இந்தச் சந்திலிருந்து மெராபி தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிதான் தெரியும்.]

மூன்றாம் தொடக்கம், இதை வைத்துக்கொள்கிறேன்: சந்தின் முப்பத்தெட்டு வீடுகளும் சேர்ந்து ஒரே ஓர் இணைய இணைப்பு வாங்கியபோது, அதைக் கட்டி மேய்க்கிற வேலையை வாசிலாவின் தலையில் கட்டினார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. சந்து முனையில் டெம்பே என்கிற சோயாப் பருப்பு வில்லையும் வாழைக்காயும் பொரித்து விற்கிறவள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறாள், அதனால் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் வார்டு தலைவர். அதுதான் தகுதி.

யாரோ பயன்படுத்திக் கழித்த ரவுட்டர் ஒன்று வாங்கினார்கள். மூங்கில் கழியில் ஆன்டெனா ஏறியது. கண்ணாடி கீறிய ஒரு பழைய போனில் இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டாள்.* யார் இணைப்பில் இருக்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அதில் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு பொத்தான்கள். ஒன்று வேகத்தைக் குறைக்கும், இன்னொன்று இணைப்பையே துண்டிக்கும். எண்ணெய்க் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு வாசிலா அந்தப் பட்டியலைப் பார்க்கிறபோது ஒரு விமான நிலையத்தையே நடத்துகிற தோரணை முகத்தில் இருக்கும்.

பெயர்களை வைத்ததும் அவள்தான். விடிய விடியப் படம் பார்க்கிறவன் 'ஆந்தை'. எனக்கு 'காய்ச்சல் தம்பி', இந்த ஊருக்கு வந்த வருஷம் நான் டெங்குவில் விழுந்ததால். பக்கத்து வீட்டுக் கார்சினாவுக்கு 'தெற்குச் சுவர்'.

* இந்த ஆப்பைச் செய்து பைசா வாங்காமல் உலகத்துக்கு விட்டவர் எந்த ஊரோ, என்ன பேரோ, தெரியாது. நன்றாக இருக்கட்டும். நான் பிழைப்பு நடத்துவதும், இந்தக் கதையை உங்களுக்கு அனுப்புவதும் அதன் புண்ணியத்தில்தான்.

3

ஏன் 'தெற்குச் சுவர்'? வாசிலா அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், விரலாலும் எழுத மாட்டாள். நாலு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிக்காதீர்கள். இங்கே கல்யாணம் என்றால் சந்துப் பெண்கள் எல்லாரும் வந்து சமைத்துக் கொடுப்பார்கள். அதில் சோறு வடிக்கிற இடம் பெரிய இடம். முப்பது வருஷமாக அந்த இடம் கார்சினாவுடையது. வாசிலாவின் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டுமென்று வாசிலா வெளியிலிருந்து சமையல்காரியை வரவழைத்து அடுப்படியில் உட்கார்த்திவிட்டாள். கார்சினாவுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. அவள் மூன்று கிலோ வெங்காயத்தையும் உரித்து முடித்தாள், கையைக் கழுவினாள், பொட்டலம் வாங்காமல் வீட்டுக்குப் போனாள். அதோடு சரி.

கார்சினாவுக்கு அறுபது வயது. தனியாக இருக்கிறாள். மகன் வலூயோ தைவானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான், தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வீடியோவில் கூப்பிடுவான். இணைப்பு நின்றுபோனால் கார்சினா சட்டிமூடியை எடுத்துச் சுவரில் நாலு தட்டு தட்டுவாள். தட்டினால் பேசியதாகாது. வாசிலா ரவுட்டரை அணைத்துப் போடுவாள். அதுவும் பதில் சொன்னதாகாது. நாலு வருஷம் இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

4

இனிமேல் வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. வாசிலா தொழுகைக்கு உடுத்தும் வெள்ளை உடையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கார்சினா சருகைக் கூட்டிக் கொளுத்தினாள். புகை மொத்தமும் கொடிக்கு வந்தது. வேண்டுமென்றே செய்தாளா, காற்று செய்ததா? [வாசிலாவிடம் கேட்டேன். "அன்னிக்கு எனக்கு அது காத்துன்னு தோணல, தம்பி" என்றாள்.]

கரி படிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே பழைய போனை எடுத்தாள். 'தெற்குச் சுவர்' என்ற பெயருக்கு எதிரில் இரண்டாவது பொத்தானை அமுக்கினாள். நாலு வருஷச் சண்டையில் அதை மட்டும் அவள் செய்ததே இல்லை. அன்றுதான் முதல் தடவை.

பிறகு சட்டிமூடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். தட்டட்டும், நாற்பது தட்டு தட்டட்டும், தட்டித் தட்டிக் கை வலிக்கட்டும் என்றுதான் நினைத்தாளாம்.

சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கோ எனக்கோ சந்தேகம் வந்திருக்கும். வாசிலாவுக்குச் சந்தோஷம் வந்தது. இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான் அடங்கினாள், தப்பு தன் பேரில் என்று புரிந்துகொண்டாள் என்று மனசு குளிர்ந்துபோய்க் கடைக்குப் போனாள். இங்கே ஒருவர் சத்தம் போடாமல் இருந்தால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சந்தில் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், பதினோரு வருஷத்தில் நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வாழைக்காய் கூடுதலாகப் போட்டாள். நானும் வாங்கித் தின்றேன்.

எட்டேகாலுக்கு வலூயோவிடமிருந்து வாசிலாவுக்கு ஒரு செய்தி வந்தது. அவன் எந்தச் சண்டையிலும் சேராதவன். அம்மா எடுக்கவில்லை சித்தி, அங்கே வைஃபை போய்விட்டதா என்று கேட்டிருந்தான்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது, அணைத்தது நான்தான். நாலு வருஷமாகத் தாண்டாத வாசற்படியைத் தாண்டி, பின்கட்டுக் குளியலறைக் கதவை வாசிலா தோளால் இடித்துத் திறந்தாள். கார்சினா ஈரத்தரையில் கிடந்தாள். ஆறரைக்கு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. குரல் எழும்பவில்லை. மகன் கூப்பிடும் நேரம் என்று குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோயிருந்தாள், அது கையிலேயே இருந்தது. அவள் போனில் காசு போட்டுப் பேசுகிற வழக்கமில்லை. வைஃபை இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடித்துண்டு.

இரண்டு மணி நேரம்.

5

[இங்கே வாசிலாவைப் பற்றி நான் ஒரு பத்தி எழுதினேன். குற்ற உணர்வு என்பது மனித மனத்தின் ஆழத்தில் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் போனது. கிழித்துப்போட்டேன்.]

நடந்தது இவ்வளவுதான். வாசிலா அவளை மடியில் கிடத்திக்கொண்டாள். வண்டி வந்தது, அறுவை நடந்தது, பிழைத்தாள். இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாள். ஆண்டவனுக்கு நன்றி, இதை நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

சந்தே வாசிலாவைக் கொண்டாடியது. வலூயோ தைவானிலிருந்து போனில் அழுதான். வார்டு தலைவர் கூட்டத்தில் எழுந்து நின்று, இலவச ஆப்பை வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றிய பெண்மணி என்று பேசினார். பட்டியலில் தெற்குச் சுவர் அசையாமல் இருந்ததைப் பார்த்து வாசிலா ஓடினாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவள் மறுக்கவில்லை. மறுக்க வாயைத் திறந்தால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வியாழக்கிழமை கார்சினா வீட்டில் நன்றி விருந்து. பெண்கள் எல்லாரும் சமைக்க வந்தார்கள். கார்சினா நாற்காலியில் உட்கார்ந்தபடி யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொடுத்தாள். கடைசியாக வாசிலாவைக் கூப்பிட்டாள்.

"சோறு நீ வடி."

"நான் வெங்காயம் உரிக்கிறேன் அக்கா."

"உன்னாலதான் உசிரோட உக்காந்திருக்கேன். போ, அடுப்படிக்குப் போ."

அந்தச் சோற்றைத்தான் வாசிலா பொட்டலம் கட்டி என்னிடம் கொண்டுவந்தாள். "அடிச்சிருந்தா தாங்கியிருப்பேன் தம்பி. தினமும் நன்றி சொல்றாங்களே, அதை என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு என் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

6

முடிவுகள்.

அ. வாசிலா உண்மையைச் சொல்கிறாள், கார்சினா மன்னிக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தச் சந்தில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.]

ஆ. வாசிலா உண்மையைச் சொல்கிறாள், கார்சினா மன்னிக்கவில்லை. மறுபடி பேச்சு நிற்கிறது. [நடக்கக்கூடியது. எழுத மனசு வரவில்லை.]

இ. வாசிலா சொல்லாமலே காலம் தள்ளுகிறாள். கதாசிரியன் தமிழில் எழுதி வைக்கிறான். [இதோடு முடித்துவிடத்தான் இருந்தேன். நேற்றுக் காலை வரை.]

7

நேற்று கதையில் ஒரு விவரம் சரியாக இருக்க வேண்டுமே என்று தோன்றியது. இணைப்பைத் துண்டித்தால் போனில் என்ன தெரியும்? வட்டம் சுற்றுமா, வெறுமையாக இருக்குமா? கடைக்குப் போய், அக்கா, என் இணைப்பை ஒரு நிமிஷம் துண்டியுங்கள், கதைக்கு வேண்டும் என்றேன். ஆந்தையோடு சண்டை போட்டுக்கொண்டே என்னைப் பாராமல் பொத்தானை அமுக்கினாள்.

என் போனில் நாலு விநாடியில் ஒரு பக்கம் திறந்தது. பெரிய எழுத்து, மரியாதையான ஜாவா மொழி:

மன்னிக்க வேண்டும். உங்கள் இணைப்பை நிறுத்தியது நான்தான். மனவருத்தம் ஏதும் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், பேசித் தீர்த்துக்கொள்வோம். இப்படிக்கு, வாசிலா.

ஆப்பை நிறுவிய புதிதில், அளவுக்கு மேல் இழுக்கிறவர்களுக்காக அவள் எழுதி வைத்தது. யாரைத் துண்டித்தாலும் தானாக வரும். இந்த ஊரில் ஒருவரைத் தண்டிப்பதென்றாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். எழுதியதையே அவள் மறந்துவிட்டாள். நான் போனை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நேராகக் கார்சினா அக்கா வீட்டுக்குப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்றேன், கால் எப்படி என்றேன், பிறகு தயங்கித் தயங்கி, அன்றைக்கு அவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தபோது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு. பிறகு போனைப் பார்த்தேன். வாசிலா எழுதியிருந்தா." நடைச்சட்டத்தின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நாலு வருஷமாச்சு தம்பி, அவகிட்ட இருந்து அந்த வார்த்தை வர. திரும்பத் திரும்பப் படிச்சேன். பேசலாம்னு கூப்பிட்டிருக்காளே, போகாம செத்துடக் கூடாதுன்னு நினைச்சிட்டே கிடந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். 'நிறுத்தியது நான்தான்' என்ற வரியையும் அவள் படித்திருக்க வேண்டும். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியுமா, தெரிந்துதான் சோற்றுப் பானையை வாசிலாவிடம் கொடுத்தாளா, அல்லது அதை வெறும் மன்னிப்புக் கடிதமாகவே எடுத்துக்கொண்டாளா? அந்த முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. கேட்கவும் துணியவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

8

ஆகவே மூன்று முடிவுகளும் போயின.

வாசிலாவிடம் சொன்னால் நெஞ்சுப் பாரம் இறங்கலாம். இல்லை, தான் கேட்காத மன்னிப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்து இன்னும் கூனிப்போகலாம். கார்சினாவிடம் அது எல்லாருக்கும் வருகிற பக்கம்தான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. இருவருக்கும் கடன்பட்டவன் நான். டெங்குவில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தது ஒருத்தி, சட்டையைத் துவைத்துப் போட்டது இன்னொருத்தி. யார் எது என்று இப்போது சொல்ல மாட்டேன், நீங்கள் கட்சி பிரிந்துவிடுவீர்கள்.

இன்று காலை கடையில் வாசிலா பொரித்த டெம்பேயைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எழுதி முடிச்சிட்டீங்களா தம்பி? அக்கா என்னை எப்பவாவது மன்னிப்பாங்களா, உங்க கதையில?"

வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். அவள் பொட்டலத்தை நீட்டியபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது:

[இந்த வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், அவள் உண்மையாகவே கேட்டாள்.]