ஆறு நாட்டு விருந்தாளிகள்

முதியோர் நலனுக்காக ஆறு நாடுகள் சேர்ந்து நடத்தும் திட்டத்தைப் பார்வையிட, வெளிநாட்டு அதிகாரிகள் தாய்லாந்தில் உள்ள எங்கள் லாம்பாங் பகல்நேர முதியோர் மையத்துக்கு வருவதாக இருந்தது. மாவட்ட அதிகாரி பிச்சேட் காலை எட்டு மணிக்கே முதியவர்கள் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துவிட்டார். பதினொன்றாகியும் யாரும் வரவில்லை.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்பா," என்று கெஞ்சினார் எண்பத்து மூன்று வயது புன்மா.

"இப்ப வந்துடுவாங்க பெரியப்பா. கொஞ்சம் அடக்கிக்குங்க," என்றார் பிச்சேட்.

அங்கே நர்ஸாக இருந்த நானும் பக்கத்தில் இருந்தவரின் சட்டைக் காலரைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

வாசலில் வண்டிகள் வந்து நின்றபோது புன்மாவின் உடுப்பு நனைந்து, சிறுநீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பிச்சேட் ரூம் ஸ்ப்ரேயை எடுத்துவந்து புன்மாவின் மடியிலேயே அடித்தார். மறைப்பதற்கு ஒரு பூந்தொட்டியை முன்னால் நகர்த்தினார். புன்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"நர்ஸ் ஒரதாய், போட்டோ முடியட்டும்," என்று பல்லைக் கடித்தார் பிச்சேட்.

"அந்த நாற்காலியில நீங்களே உட்காருங்க."

விருந்தாளிகள் பார்க்கப் பார்க்க புன்மாவை அழைத்துப் போனேன். குளியலறையில் கழுவிவிடும்போது, மூத்தோரின் கண்ணியம் பற்றி யாரோ பேசுவதும் கைதட்டலும் கேட்டன.

"திரும்ப அங்க போகணுமாம்மா?" என்றார் புன்மா.

"வேண்டாம்," என்று அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.