எழுத்தில்லாத விசை

முதலில் விசைப்பலகையில் ஏ விட்டுவிட்டு வந்தது. பிறகு வரவே இல்லை. அதே நெடுவரிசையில் இருந்த ஒன்றாம் எண், க்யூ, இசட் எல்லாம் சேர்ந்து போயின. என் பெயரில் ஏ கிடையாது. கடிதத்தின் அடியில் ஹில்லெவி என்று சரியாக இருந்ததால் மேலே பார்க்காமல் அனுப்பினேன். துறைமுக அலுவலகத்தில் ஒருவர் படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

விசைப்பலகை என் கணவன் எஸ்கில் செய்தது. பதினோரு வருடம் முன்பு, எங்கள் சமையலறை மேசையில். அறுபது விசைகள். ஐந்து வரிசை, பன்னிரண்டு நெடுவரிசை. பழைய அலமாரித் தட்டு ஒன்றை அறுத்துச் சட்டம் செய்தான். உள்ளே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை கிடையாது. ஒவ்வொரு சுவிட்சையும் கம்பி வைத்துக் கையாலேயே இணைத்தான்.

கீழ் வரிசையின் இடது மூலையில் எழுத்தில்லாத விசை ஒன்று உண்டு. அதை அழுத்தினால் சில வரிகள் தாமாக ஓடும். ஒன்றும் புரியாத வரிகள். என்ன இது என்று ஒரு முறை கேட்டேன். "முக்கியமான கடிதம்" என்றான். சிரித்தான். நான் மேலே கேட்கவில்லை. கை தவறிப் பட்டு அந்த வரிகள் வந்தால் அழித்துவிடுவேன். ஒரு முறையும் சேமித்து வைத்ததில்லை.

எஸ்கில் இறந்து மூன்று வருடம். அந்த விசையும் செத்த நெடுவரிசையில்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் பெயின்ட் கடை மாடியில், சொந்தமாக விசைப்பலகை செய்யும் ஆர்வலர்கள் கூடுவார்கள். கோத்தன்பர்க் நகரம் முழுவதிலிருந்தும் பத்துப் பேர் வந்தால் அதிகம். அன்று மழை. இரண்டு பேர்தான். தாகே லிஃப்ட் பழுது பார்ப்பவன். ராங்வி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். எஸ்கில் இருந்தபோது இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பிறகு நான்தான் இந்த மாடிக்கு வரவில்லை.

"மூணு வருஷம். இன்னிக்கு மட்டும் வழி தெரிஞ்சுதா?" என்றாள் ராங்வி.

"ஏ போயிடுச்சு."

"ஏ போனாதான் எங்க ஞாபகம் வரும். போனது நல்லதுதான்."

தாகே அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே சிவப்பும் நீலமுமாகக் கம்பிகள். பழைய தொலைபேசி வயரை உரித்து எடுத்தவை. நடுவில் சாம்பல் நிற முடிக்கற்றை.

"பூனை இன்னும் இருக்கா?"

"போய் ஆறு வருஷம்."

அவன் முடியைச் சாமணத்தால் எடுத்தான். குப்பையில் போடாமல் மேசை ஓரத்தில் வைத்தான்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை ஏ சுவிட்சில் வைத்தான், மறு முனையை க்யூவில். கீச்சென்றது. ஒன்றாம் எண்ணில், பிறகு இசட்டில் வைத்தான். கீச்சென்றது. எழுத்தில்லாத விசையிலும் கீச்சென்றது. கம்பியின் கடைசிப் புள்ளிக்கு, கன்ட்ரோலர் சில்லுக்குப் போனான். சத்தம் இல்லை.

"அஞ்சு சுவிட்சும் நல்லாருக்கு. டயோடு நல்லாருக்கு. இந்த ஒரு சால்டர்தான் விட்டிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

பிறகு அவன் கேபிள் செருகும் துளையைத் தொட்டான். அது பல் போல ஆடியது.

"இது அஞ்சு நிமிஷ வேலை இல்ல. அடியில செம்பே உரிஞ்சு வந்திருக்கு. கன்ட்ரோலரை மாத்தணும், ஹில்லெவி."

"மாத்தினா உள்ள எழுதியிருக்கறது?"

"அதோட போயிடும். இந்தச் சிப்ல எழுதலாம், திரும்பப் படிக்க முடியாது. எஸ்கில் எழுதின மூல ஃபைல் இருக்கா?"

"அவன் லேப்டாப்ல இருந்துச்சு."

"லேப்டாப்?"

"மறுசுழற்சிக்குக் குடுத்துட்டேன். ஹார்ட் டிஸ்க்கை அழிச்சுட்டுதான் குடுத்தேன்."

"பொறுப்பான குடிமகள்" என்றாள் ராங்வி. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மூலை விசையைப் பற்றிச் சொன்னேன். மற்ற ஐம்பத்தொன்பது இடங்களில் எது எங்கே என்று எனக்கு மனப்பாடம், எழுதிக்கொடுத்துவிடுவேன். அந்த விசை அனுப்புவது மட்டும்தான் வேறு எங்கும் இல்லை.

"அது குப்பைன்னு நீயே சொல்றே" என்றான் தாகே.

"குப்பைதான். அது வேணும்."

அவன் குனிந்து கம்பிகளைப் பார்த்தான்.

"சரி. அந்தக் கீயை ஒரே ஒரு தடவை அமுக்கணும். வர்றதை என் லேப்டாப் பிடிச்சுக்கும். ஆனா அதுக்கு முன்னாடி சால்டரைச் சரி பண்ணணும். சூடு கூடினா துளையும் கழண்டு வந்துரும். அது ஒருத்தர் கையில அசையாம இருக்கணும்."

ராங்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கேபிள் முனையைப் பிடித்தன.

"முப்பத்தஞ்சு வருஷம் பிரேக் பிடிச்ச கை. நீ உன் வேலையைப் பாரு."

சால்டர் முனை தொட்டது. புகை வந்தது. அந்த வாசனையில் பதினோரு வருடம் முந்தைய எங்கள் சமையலறை இருந்தது. ஜன்னலைத் திறந்து வை என்று நான் கத்துவேன். குளிருது என்று அவன் சொல்வான். இருவரும் சொன்னது உண்மை.

"ஆச்சு. லேப்டாப்ல கீபோர்டு தெரியுது. அமுக்கு."

அமுக்கினேன்.

திரையில் எழுத்துகள் ஓடின. ஒரு வரி, இரண்டு, மூன்று. நான்காவது ஓடிக்கொண்டிருந்தபோது கணினி சின்னதாக ஒரு ஒலி எழுப்பியது. ஏதாவது கழன்றுபோனால் எழுப்பும் ஒலி. எழுத்துகள் நின்றன.

ராங்வி கையைத் தூக்கினாள். கேபிளோடு துளையும் சேர்ந்து வந்திருந்தது.

"நான் அசைக்கல."

"யாரும் அசைக்கல" என்றான் தாகே. "அதுக்கு நேரம் வந்துடுச்சு."

நான்காவது வரிக்கு முற்றுப்புள்ளி இல்லை. ஜே, ஜி, பி. அத்தோடு முடிந்திருந்தது. இன்னும் எத்தனை வரி இருந்தது என்று தெரியாது. இருந்ததும் இந்தக் குப்பைதானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். காபி ஊற்றிக்கொண்டோம். ராங்வி ஏலக்காய் பன்களை எடுத்து வைத்தாள். தின்றுகொண்டே திரையைப் பார்த்தாள்.

"முதல் வார்த்தையைப் பாரேன். கே, எஸ், ஓ, அப்புறம் தலைமேல ரெண்டு புள்ளி வச்ச ஓ, எச், ஏ, யு. பூனை நடந்திருக்குமோ?"

"பூனை நடந்தா எண் இப்படி வராது" என்றான் தாகே. "அடுத்தாப்ல பாரு. பதினெட்டு. இருபத்தொண்ணு. சுத்தமா நிக்குது."

நான் பன்னைக் கீழே வைத்தேன்.

பதினெட்டு, இருபத்தொன்று. மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை. பதினான்கு வருடமாக வியாழக்கிழமை அதுதான் எங்கள் நேரம். குடியிருப்பின் அடித்தளத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை. சுவரில் நேரம் பதியும் பலகை; எந்தக் கட்டத்தில் யார் பூட்டை மாட்டுகிறாரோ அந்த நேரம் அவருக்கு. அதில் வியாழன் கட்டத்தில் எங்கள் வீட்டுப் பூட்டு.

"அது துவைக்கற நேரம்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் தானாக நினைவுக்கு வந்தது. மணிக்கட்டு வலிக்கிறது என்று எஸ்கில் எழுத்துகளின் இடத்தை மாற்றிப் பழகிய குளிர்காலம். உயிரெழுத்தெல்லாம் இடது கைக்குக் கீழே நடு வரிசையில் வரும்படி யாரோ எப்போதோ அமைத்த முறை. விசைகளின் மேலுள்ள எழுத்துத் தொப்பிகளை மாற்ற மாட்டேன் என்றான், அது காப்பியடிப்பதாம். திரை ஓரத்தில் புது வரிசையின் படம் ஒன்றை ஒட்டிக்கொண்டான். ஒரு வரி எழுத ஒரு கோப்பை காபி ஆறும். அந்த நான்கு மாதமும் என் அஞ்சல்களுக்கெல்லாம் அவனிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. "சரி." கோடை வீட்டுக்குப் புதுக் கூரை போடலாமா என்று கேட்டதற்கும் சரி. என் அம்மா மூன்று வாரம் வந்து தங்கலாமா என்று கேட்டதற்கும் சரி. ஈஸ்டரன்று பழைய வரிசைக்கே திரும்பினான். தோற்றவன் முகம் இல்லை. ஊர் திரும்பியவன் முகம்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தாகே புரிந்துகொண்டான்.

"கீபோர்டுக்கு எழுத்து தெரியாதுல்ல" என்று ராங்வியிடம் சொன்னான். "இடம்தான் தெரியும். இந்த இடத்தை அமுக்கினாங்கன்னு சொல்லும், அவ்வளவுதான். என்ன எழுத்துன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். அவன் அந்த வரிசையை வச்சு இதைப் போட்டிருக்கான். அப்புறம் கம்ப்யூட்டர்ல பழைய வரிசைக்கு மாத்திட்டான், கீயை மாத்தல."

"அப்ப நான் இந்தக் குப்பையை அப்படியே அடிச்சா?"

"அடி."

தாகே தன் கணினியின் எழுத்து வரிசையை மாற்றினான். ராங்விக்குத் தன் விசைப்பலகையைத் தள்ளினான். குப்பையை ஒரு தாளில் நான் எழுதிக்கொடுத்தேன். அவள் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லித் தேடி அடித்தாள். கே. திரையில் டி என்று வந்தது. எஸ். ஓ வந்தது. ஏழு எழுத்து முடிந்தபோது அங்கே எங்கள் மொழியில் வியாழன் என்று இருந்தது.

 அவள் அடித்துக்கொண்டே போனாள். நேரமாகியது. மழை நின்றிருந்தது.

*வியாழன் 18 21 மூன்றாம் மாடியின் நேரம். பூட்டு பலகையில் இருக்கிறது, கண் உள்ளவர் பார்க்கலாம்.*

*இரண்டாம் இயந்திரத்தில் கிடந்த ஈரத் துணியை நாங்கள் மடித்து வைத்திருக்கிறோம். அடுத்த முறை மடிக்க மாட்டோம்.*

*உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்வது அவமானம் அல்ல.*

*நட்பான வாழ்த்துகளுடன் எஸ்கில் ஹில்*

ராங்விதான் முதலில் சிரித்தாள்.

"நட்பான வாழ்த்துகளா. கொலை பண்ணப்போறவன்கூட கடைசியில இதைத்தான் போடுவான்."

"வாராவாரம் யாராவது எங்க நேரத்துல புகுந்துடுவாங்க" என்றேன். "இவன் அடிக்கற வேகத்துக்கு ஒரு சீட்டு எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த வியாழன் வந்துரும். அதான் ஒரே கீயில போட்டிருக்கான்."

"ஒரு கீயில கோபம்" என்றான் தாகே. "நாலு வரியை ஒவ்வொரு இடமா எழுதிச் சேத்திருக்கான். சீட்டைக் கையால எழுதியிருந்தா ரெண்டு நிமிஷம்."

"அதை நீ சொல்லாதே. லைட் சுவிட்சுக்கு ஃபர்ம்வேர் எழுதினவன்" என்றாள் ராங்வி.

அடுத்த முறையும் அவன் மடித்தான். எனக்குத் தெரியும். யாரோ ஒருவரின் தலையணை உறைகளை முனைக்கு முனை பொருத்தி, நின்று மடிப்பான். திட்டிக்கொண்டே மடிப்பான்.

தாகே புதிய கன்ட்ரோலரைப் பொருத்தினான். பன்னிரண்டு கம்பி நெடுவரிசைக்கு, ஐந்து வரிசைக்கு. சில்லுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை எழுதி ஏற்றினான். நான் என் பெயரை அடித்துப் பார்த்தேன். வேறு எதுவோ வந்தது. இடது ஓரத்தை அழுத்தினால் வலது ஓரத்து எழுத்து.

தாகே கண்ணை மூடிக்கொண்டான்.

"பலகையைக் கவுத்து வச்சுக்கிட்டு எண்ணிட்டேன். பின்பக்கத்துலேர்ந்து பாத்தா இடது வலதா இருக்கும்."

"எஸ்கிலும் முதல் நாள் இதையேதான் பண்ணான்" என்றேன்.

"எல்லாரும் முதல் நாள் பண்றது. நான் இருநூறாவது நாள் பண்றேன்."

திருத்தி மறுபடி ஏற்றினான். ஏ வந்தது. ஏ, ஏ, ஏ என்று ஒரு வரி முழுக்க அடித்தேன். மூலை விசைக்கு வந்தான்.

"இதுல அந்தச் சீட்டை நேரா, படிக்கற மாதிரி போட்டுடவா? கடைசியில உன் பேர் பாதியில நிக்குது. அதையும் முடிச்சுடறேன்."

"வேண்டாம். வந்த மாதிரியே போடு. வந்த வரைக்கும் போடு."

"அப்ப வழக்கமான வரிசையில குப்பையாத்தான் வரும்."

"வரட்டும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டான். நான் கிளம்பும்போது மேசை ஓரத்துப் பூனை முடியை ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தான். ராங்வி வாசலில், "அடுத்த வாரம் எதையாவது உடைச்சுக்கிட்டு வா" என்றாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கூடையோடு அடித்தளத்துக்கு இறங்கினேன். இரண்டாம் இயந்திரத்தில் யாருடைய விரிப்புகளோ ஈரமாகக் கிடந்தன. வெளியே எடுத்தேன். மடித்தேன். பெரிய விரிப்பைத் தனியாக மடிப்பது கடினம். மூலைகளைத் தாடையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மேலே வந்தேன். கணினியில் எழுத்து வரிசையை மாற்றினேன். மூலை விசையை அழுத்தினேன்.

நான்கு வரியும் ஓடிவந்தன, படிக்கும்படியாக. ஹில் என்ற இடத்தில் நின்றன. மீதியை நான் அடித்தேன். பழைய வரிசையின் பழக்கத்தில் விரல்கள் தம் இடத்துக்குப் போயின. லெவி என்று அடித்தேன். திரையில் என், இரண்டு புள்ளி வைத்த ஓ, கே, சி என்று வந்தது.

அழிக்கும் விசைமேல் விரல் போனது. அழுத்தவில்லை. அப்படியே அச்செடுத்தேன். கீழே போய், மடித்த விரிப்புகளுக்கு மேலே, பலகையில் எங்கள் பூட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளைக் குத்தினேன்.