அனுப்பிய நாள்

வாகீசன் கடலில் போய்விட்டான் என்று அழுது ஓய்ந்து, துக்கம் கேட்க வந்த சனமும் குறைந்துபோன ஒரு முற்பகலில், அவன் அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. செல்வநாயகி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அரிசி வாளி மூடியின் மேல் கிடந்த போன் ஒருதரம் கிணுங்கியது. கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தவள் போட்ட சத்தத்தில், அறைக்குள் வேலையாக இருந்த மகள் நிவேதனா கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள்.

"பிள்ளை, தம்பி காசு போட்டிருக்கிறான். உதிலை இண்டையத் தேதி கிடக்கு, பார். அவன் இருக்கிறான்!"

நிவேதனா பார்த்தாள். வாகீசனின் கணக்கிலிருந்துதான் வந்திருந்தது. பக்கத்தில் பச்சை எழுத்தில் 'உறுதியானது' என்று இருந்தது. அம்மா சொன்னதுபோல இன்றையத் தேதிதான். அவன் போன படகு கவிழ்ந்ததோ அதற்கு இரண்டு கிழமைக்குக் கிட்ட முன்னம்.

பிரான்சின் வடகரையிலிருந்து இங்கிலாந்துக்குக் காற்றடித்த ரப்பர் படகில் ஏறியவர்களில் அவனும் ஒருவன். அதே படகில் போய்த் தப்பிய ஷெரோன் என்ற பெடியன்தான் ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்துச் சொன்னான். உடம்பு கிடைக்கவில்லை. கொழும்புத்துறைக் கடற்காரன் பெற்ற பிள்ளைக்கு நீந்தத் தெரியாதா என்று செல்வநாயகி அவனிடம் சண்டைக்குப் போவதுபோலக் கேட்டாள். "அந்தக் குளிருக்கை நீச்சல் தெரிஞ்சும் பிரியோசனமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெடியன் விம்மினான். அதற்குமேல் அவனிடம் எதைக் கேட்பது?

நிவேதனாவுக்கும் காசு வந்த அன்று பின்னேரம்வரை நம்பிக்கை இருந்தது. அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, 'டேய், எங்கையடா நிக்கிறாய்?' என்று அவனுடைய போனுக்கு எழுதி அனுப்பினாள். போய்ச் சேராமல், ஒற்றைச் சரி அடையாளத்தோடு அது நின்றது. அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தாள். விசயம் தெரிந்தவள்தான், என்றாலும் கூடப்பிறந்தவன் என்று வரும்போது மூளை கொஞ்சம் விலகித்தான் நிற்கும்.

அவளுடைய வேலையே அதுதான். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறாள். பிட்காயின் பணப்பைச் செயலிகள் பலவற்றுக்கு உள்ளே ஓடுகிற நிரல் தொகுப்பு அது. அனுப்பிய காசு உறுதியாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்கிற பகுதி இவளுடைய பொறுப்பு. "காசு வந்திட்டுதோ எண்டு பாக்கிற வேலை" என்று தகப்பன் முத்துக்குமாரு ஊருக்குச் சொல்வார். "அப்ப வங்கியிலையோ?" என்று கேட்டால், "அப்பிடித்தான்" என்று விட்டுவிடுவார். கடதாசி ஒன்றும் இல்லாத வாகீசனுக்கு அங்கே எந்த வங்கியும் கணக்குத் திறக்காது. ஆகையால் அம்மாவின் போனில் அப்படியொரு செயலியைப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

பின்னேரம் அவள் கணினியில் அந்த அனுப்புதலைத் திறந்து பார்த்தாள். வாகீசன் போட்ட கட்டணம் கண்ணில் பட்டது. இதைவிடக் குறைத்துப் போட முடியாது என்கிற அளவு. அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது.

பிட்காயினில் அனுப்புகிற காசு உடனே போய்ச் சேராது. முதலில் ஒரு வரிசையில் காத்து நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒருதரம், பல அனுப்புதல்களை ஏற்றிக்கொண்டு ஒரு கட்டு புறப்படும்; கூடக் கட்டணம் கொடுத்தவை அதில் முதலில் ஏறும், குறையக் கொடுத்தவை கிடக்கும். ஏறி, அதற்குப் பின்னால் இன்னும் சில கட்டுகள் போன பிறகுதான் உறுதியானது என்று பெயர். காத்து நிற்பதைக் காட்டினால், காசு வந்துவிட்டதென்று நம்பிச் சனம் ஏமாறுகிறது என்று சொல்லி, உறுதியானதை மட்டும் காட்டுவது, ஏறிய நாளையே நாளாகப் போடுவது என்று நிறுவனத்தில் முடிவெடுத்திருந்தார்கள். நல்ல முடிவுதான். யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

நிறுவனத்தின் சேர்வர், ஒவ்வொரு அனுப்புதலையும் தான் முதலில் கண்ட நேரத்தை எழுதி வைக்கும். அதில் தேடினாள். வாகீசன் அனுப்பியது படகு புறப்பட்ட அன்று விடியப்புறம், ஏறுவதற்குச் சற்று முன்னர். கணக்கில் ஒரு சதம்கூட மிச்சம் விடாமல் வழித்துத் துடைத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். போன் தண்ணீரில் போனால் காசாவது தப்பட்டும் என்று நினைத்திருப்பான். கட்டணத்திலும் மிச்சம் பிடித்திருக்கிறான், கஞ்சன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்குள் செல்வநாயகி தோய்ந்து, சாவுத் துடக்கு உள்ள வீடு என்றும் பாராமல் கோயிலுக்குப் போய், பூரட்டாதி நட்சத்திரம் வாகீசன் பெயருக்கு அருச்சனை செய்விக்கச் சொல்லி நின்றாள். ஐயர் தட்டை வாங்கத் தயங்கினார். உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கிரியை செய்வதற்கு, அதே ஐயரிடம்தான் முத்துக்குமாரு போய்க் கதைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டு அவள் வீட்டில் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு அப்பால் நின்றவர்களும் கேட்டார்கள்.

"செத்தவன் காசு அனுப்புவானே? உயிரோடை இருக்கிற பிள்ளையை எரிக்கப் போறியளோ?"

முத்துக்குமாரு எழும்பி முற்றத்துக்குப் போனார். பின்னேரம் நிவேதனாவின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், அவள் வேலை செய்கிற அந்த அறை அவருக்குக் கந்தோர் மாதிரி.

"பிள்ளை, உனக்குத் தெரியும்தானே."

"ஓம் அப்பா."

"எரிக்காமல் விட்டால் அவன் அந்தரிச்சுத் திரிவான். நான் சொன்னால் கொம்மா கேக்கமாட்டா. நீ சொல்லு."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஏறிய நாளைக் காட்டுவது குழப்பமாக இருக்கிறது, அனுப்பிய நாளைக் காட்டுங்கள் என்று செயலிக்காரர் பலர் முறையிட்டதில், அந்தத் திருத்தத்தை நிறுவனம் இவளுடைய தலையிலேயே கட்டியிருந்தது. எழுதியும் முடித்துவிட்டாள். புதிய பதிப்பு வெளியானால் அம்மாவின் போனிலும் அந்தத் தேதி தானாகப் படகு புறப்பட்ட நாளுக்கு மாறிவிடும். ஒரு காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அம்மா அதைத் தனியே பார்ப்பாள் என்று நினைக்க, அதைவிடத் தானே சொல்வது மேல் என்று பட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவைக் கூட்டிவந்து தன் கதிரையில் இருத்தினாள். தான் பக்கத்தில் முக்காலியில் இருந்தாள்.

"அம்மா, காசு வந்த நாள் வேறை. தம்பி அனுப்பின நாள் வேறை."

செல்வநாயகி திரும்பிப் பார்த்தாள்.

"படகிலை ஏற முன்னமே அனுப்பிப்போட்டான். கூலி குறையப் போட்டதாலை அது ஏறேலாமல் நிண்டிட்டுது. கூடக் குடுக்கிறவனை முதல் ஏத்துற பஸ் மாதிரி எண்டு வையுங்கோ. எல்லாரும் ஏறிப்போன பிறகுதான் அவன்ரை ஏறினது."

"நீ ஏன் உப்பிடிச் சொல்லுறாய்?"

"பாத்திட்டுத்தான் சொல்லுறன் அம்மா. எனக்கும் அவன் வேணும்."

செல்வநாயகி மடியில் இருந்த கையைப் பார்த்தபடி இருந்தாள். இனி எழுந்து கத்தப் போகிறாள் என்று நிவேதனா பயந்தாள். ஆனால் அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவ்வளவு நாளும் அது எங்கை கிடந்தது?"

"வரிசையிலை. எல்லாம் கிடக்கிற இடத்திலை."

"ஆரும் எடுக்காமலோ?"

"ஓம் அம்மா."

"எல்லாரும் பாத்துக்கொண்டு போக, என்ரை பிள்ளையின்ரை மட்டும் ஆரும் எடுக்காமல் கிடந்ததோ?"

அவளுக்கு அழுகை வந்தது. ஷெரோன் போன் எடுத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்று போட்டது சத்தம். இது சத்தமில்லாமல், உடம்பு முழுக்கக் குலுங்கி வந்த அழுகை. அம்மா அழுவது காசைப் பற்றி அல்ல என்று விளங்கியபோது நிவேதனாவும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

கொஞ்ச நேரம் போய் செல்வநாயகி முகத்தைத் துடைத்தாள்.

"அந்த இடத்தை எனக்குக் காட்டு."

நிவேதனா திறந்து காட்டினாள். உலகம் முழுவதிலும் இருந்து அனுப்பப்பட்டு, இன்னும் ஏறாமல் நிற்பவை; கூடக் கூலி போட்டவை மேலே, குறையப் போட்டவை அடியில். வரிவரியாக எண்ணும் எழுத்தும் கலந்து வந்து விழுந்துகொண்டிருந்தன.

"இதுக்குள்ளை தம்பியின்ரை வேறை ஏதும் கிடக்கோ?"

ஒன்றும் இராது என்று நிவேதனாவுக்குத் தெரியும். இருந்தும் தம்பியின் பிட்காயின் முகவரியை அடித்துத் தேடினாள். ஒன்றும் வரவில்லை.

"வடிவாப் பார்."

இன்னொருதரம் அடித்தாள். வரவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. முத்துக்குமாரு நின்றார். செல்வநாயகி திரும்பவில்லை.

"இஞ்சேருங்கோ, ஐயரிட்டைப் போய் அண்டைக்கு என்ன திதி எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. பிள்ளை அனுப்பின நாள்."

அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போனார். நிவேதனா கணினியை மூடக் கையைக் கொண்டுபோனாள். செல்வநாயகி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதிலை அடியிலை கிடக்கிறது ஆரின்ரை?"

"தெரியாது அம்மா. கூலி குறையப் போட்ட ஆரோ."

"அதை உன்னாலை ஏத்திவிடேலாதோ?"

"என்னாலை ஏலாது அம்மா."

செல்வநாயகி கதிரையை முன்னுக்கு இழுத்து, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். மேலே புதியவை வந்து விழ விழ வரி கீழே இறங்கியது. விரலை எடுக்காமல் அவளும் அதோடு கூடவே இறங்கிக்கொண்டிருந்தாள்.